கையெழுத்துக்கு முன் வாசிக்கப்பட வேண்டிய பத்திரம்: திருப்பூர்த் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரின் பின்னலாடை, நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், எம்பிராய்டரி தொழில் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஊரில் 27 ஆண்டுகளாகச் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதியும் வரிப் படிவங்கள் தாக்கல் செய்தும் வருகிறேன். நூல் விலை, கூலி உயர்வு, மின்கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை உங்கள் கூட்டங்களில் தவறாமல் பேசப்படுகின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் பீரோவிலும் இருக்கிற, தொடங்கிய நாளன்று கையெழுத்திட்டபின் யாரும் எடுத்துப் படிக்காத பார்ட்னர்ஷிப் (கூட்டாண்மை) பத்திரத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் நான் ஒரு பேச்சும் கேட்டதில்லை. அதைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

நிட்டிங் தொழிலில் இருந்த இரண்டு நண்பர்களின் நிறுவனம் ஒன்று. ஒருவர் மிஷின்களைப் பார்த்துக்கொள்வார். மற்றவர் நூல் கொள்முதலையும் வசூலையும் கவனிப்பார். மிஷின் பார்த்தவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மாரடைப்பால் காலமானார். மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். எஞ்சியவர் கைமாற்று வாங்கிச் சம்பளம் கொடுத்தார். செய்தி அறிந்த வங்கி, இருப்புக்கு மேல் பணம் எடுக்க இடம் தரும் ஓவர்டிராப்ட் கணக்கைத் திங்கட்கிழமை நிறுத்திவைத்தது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது எந்தத் தேதிவரையிலான கடன் பொறுப்பு இருக்கிறது என்று வரையறுக்க வங்கிகள் இப்படிச் செய்வது வழக்கமே. அதில் குறை காண இடமில்லை. காரியங்கள் முடிந்தபின் இறந்தவரின் மனைவி பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இதுல எங்களுக்கு என்னன்னு எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்ணா" என்றார்.

பதினொரு பக்கம் ஆங்கிலம். கூட்டாளி ஒருவர் இறந்தாலும் நிறுவனம் கலையாது, வாரிசைச் சேர்த்துக்கொண்டு தொடரும் என்று ஓர் உட்பிரிவு இருந்தது. ஆனால் கூட்டாண்மைக்குக் குறைந்தது இருவர் வேண்டும். இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் ஒருவர் மறைந்தால், பத்திரம் என்ன சொன்னாலும் நிறுவனம் கலைந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1965-லேயே தெளிவாக்கிவிட்டது. எஞ்சியவரும் வாரிசும் புதிதாக ஒப்புக்கொண்டால் புதிய கூட்டாண்மை ஒன்று பிறக்கலாமே தவிர, பழையது தொடர முடியாது. அடுத்த உட்பிரிவு, விலகுபவரின் அல்லது இறந்தவரின் பங்கு "புத்தக மதிப்பின்படி" கணக்கிடப்படும் என்றது. நிறுவனத்தின் பெயரில் 2001-இல் வாங்கிய இடம் ஏட்டில் அன்றைய கிரயத் தொகைக்கே நின்றது. மிஷின்களோ ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்பட்டு ஏட்டளவில் கரைந்துபோயிருந்தன. ஆகவே ஏட்டின்படி அந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய தொகையும், ஊரறிந்த நில விலைப்படி வரவேண்டிய தொகையும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவையாக இருந்தன.

எஞ்சிய நண்பர் ஏமாற்றுக்காரர் அல்லர். பத்திரத்தில் உள்ளபடி கொடுக்கிறேன் என்றுதான் அவர் சொன்னார். அந்த அம்மாவும் பேராசைக்காரர் அல்லர். தம் கணவர் இரவும் பகலும் நின்று உருவாக்கிய இடத்தின் இன்றைய மதிப்பில் பாதியைத்தான் கேட்டார். இரு குடும்பமும் பேசித் தீர்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் பேச்சுவார்த்தையே இல்லாத அளவுக்கு உறவு முறிந்தது. அந்தப் பத்திரம் என் மேசையில் தயாரானது என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும். முன்பு ஒரு சாயப்பட்டறைக்கு எழுதியதில் பெயர்களையும் முகவரிகளையும் தொழிலின் தன்மையையும் மாற்றி, ஒரே மாலையில் கொடுத்தேன். வங்கிக் கணக்கு தொடங்க அவசரம் என்றார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை. "உங்களில் ஒருவர் இல்லாமல் போனால் என்ன செய்வதாக உத்தேசம்?" என்ற ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் போதும்.

நம் ஊரில் பத்திரம் எழுதப்படுவது பெரும்பாலும் வெளியாருக்காகத்தான். பான் கார்டுக்கு ஒரு பிரதி, நடப்புக் கணக்கு தொடங்க வங்கிக்கு ஒன்று, ஜி.எஸ்.டி. பதிவுக்கு ஒன்று, வருமானவரிக் கோப்பில் ஒன்று. கூட்டாளிகளுக்கு இடையே என்ன பேச்சு என்பதைப் பதிவுசெய்ய வேண்டிய ஆவணம், கூட்டாளிகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் பயன்படுகிறது. முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, உழைக்கும் கூட்டாளிகளுக்கு வருமானவரிச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு வரை ஊதியம் என்ற இரண்டு வாசகங்களும் எல்லாப் பத்திரங்களிலும் இருக்கும். பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் அந்தத் தொகைகளைச் செலவாகக் கழிக்க வரிச் சட்டம் இடம் தருகிறது. அதனால் அவற்றை ஒருவரும் மறப்பதில்லை. ஆனால் அந்த ஊதியத்தை மாதாமாதம் எடுக்கலாமா, நட்டம் வந்த ஆண்டில் என்ன செய்வது, ஒருவர் ஆறு மாதம் நோயில் படுத்தால் அவருக்கு ஊதியம் உண்டா என்பவை வரி அலுவலகத்துக்குத் தேவையில்லாதவை; ஆகவே பத்திரத்திலும் இருப்பதில்லை.

பத்திரம் பேசாத இடத்தில் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பேசும். அதன் 13-ஆம் பிரிவை உங்கள் உறுப்பினர்கள் அனைவரும் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலில் பாடுபடுவதற்காக எந்தக் கூட்டாளிக்கும் ஊதியம் கிடையாது. லாபமும் நட்டமும் சமம். ஒருவர் 40 லட்சமும் மற்றவர் 10 லட்சமும் போட்டிருந்தாலும் சமம்தான். முதலுக்கு மேல் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்த தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. ஒருவர் விலகியோ இறந்தோ அவருடைய கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், 37-ஆம் பிரிவின்படி, அவருடைய பங்கைக் கொண்டு ஈட்டிய லாபத்தையோ, அந்தப் பங்கின் மீது 6 சதவீத வட்டியையோ அவர் தரப்பு கேட்கலாம். 1932-இல் எழுதிய 6 சதவீதம் இன்றும் 6 சதவீதமாகவே நிற்கிறது. வெளியில் என்ன வட்டிக்குப் பணம் புரள்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து சென்ட் மனை வாங்கினால் கிரயப் பத்திரத்தைத் தமிழில் எழுதுகிறோம். நான்கு எல்லைகளையும் வாசிக்கக் கேட்டுத் தலையாட்டிய பிறகே பணம் கைமாறுகிறது. வாழ்நாள் சேமிப்பையும் வீட்டையும் சேர்த்துப் பணயம் வைக்கிற கூட்டாண்மைப் பத்திரத்தை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறோம்? அது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. மாறாக, ஆங்கிலேயர் காலத்தில் வந்த இதே சட்டத்தின் 72-ஆம் பிரிவு, ஒரு கூட்டாளியின் விலகலை அரசிதழிலும், நிறுவனம் இருக்கும் மாவட்டத்தில் விற்பனையாகும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவதும் அறிவிக்க வேண்டும் என்கிறது. விலகுவதை ஊர் மொழியில் அறிவிக்கச் சொல்கிறது சட்டம். சேர்வதை ஊர் மொழியில் எழுத நமக்குத் தோன்றவில்லை.

மொழிச் சிக்கல் "கம்பெனி" என்ற சொல்லிலும் இருக்கிறது. நமக்குப் பத்து பவர்டேபிள் (மின் தையல் மேசை) போட்ட கொட்டகையும் கம்பெனிதான், நூறு கோடி ஏற்றுமதி செய்யும் நிறுவனமும் கம்பெனிதான். பேச்சு வழக்கில் இதில் பிழை இல்லை. ஆனால் கடன் தாளில் கையெழுத்திடும்போது, "கம்பெனி கடன்தானே, கம்பெனி கட்டும்" என்று ஒருவர் நினைத்தால், அந்தச் சொல் அவரை ஆழத்தில் தள்ளிவிடும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் தனி நபராகக் கருதப்படும். பங்கு வாங்கியவரின் பொறுப்பு, அவர் தனியாக ஜாமீன் கொடுக்காதவரை, பங்குத் தொகையோடு முடியும். கூட்டாண்மை அப்படியன்று. கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் ஒவ்வொரு கடனுக்கும் எல்லாக் கூட்டாளிகளும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடமே கேட்கலாம். ஐந்து சதவீதப் பங்குதானே என்ற பதில் அவரிடம் செல்லாது. ஐந்து சதவீதம் என்பது கூட்டாளிகளுக்கு உள்ளே மட்டும் பேசிக்கொள்கிற கணக்கு.

பெண்கள் இதில் எப்படிச் சிக்குகிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறக்கம் கெடுகிறது. வரியைப் பிரித்துக் காட்டவோ, ஏதாவது ஒரு திட்டத்தில் கடன் பெறவோ, மனைவியையோ தாயையோ கூட்டாளியாகச் சேர்க்கிறோம். சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டுவிட்டு அவர்கள் திரும்பிப் போகிறார்கள். அந்தக் கையெழுத்தால், அவர்களுக்குத் தாய்வீட்டிலிருந்து வந்த நகையும் நிலமும் நிறுவனத்தின் கடனுக்குப் பொறுப்பாகின்றன என்று யாரும் சொல்வதில்லை. நிறுவனத்தின் கணக்கு ஏடுகளைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் சட்டம் உரிமை தருகிறது. 12-ஆம் பிரிவு தரும் அந்த உரிமையைப் பற்றியும் அவர்களிடம் சொல்வதில்லை.

பிள்ளைகளின் நிலையும் கவலைக்குரியது. பதினெட்டு வயது நிரம்பாதவர் கூட்டாளியாக முடியாது. எல்லாக் கூட்டாளிகளும் சம்மதித்தால் லாபத்தில் மட்டும் பங்கு பெறலாம். வயது நிரம்பியபின், அல்லது தமக்கு அப்படி ஒரு பங்கு இருப்பது தெரிந்தபின், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், கூட்டாளியாகத் தொடர்கிறாரா விலகுகிறாரா என்று பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் முழுக் கூட்டாளியாகிவிடுவார். அதோடு நில்லாமல், சிறுவனாக அவரைச் சேர்த்த நாளிலிருந்து நிறுவனம் பட்ட கடன்கள் அனைத்துக்கும் வெளியாரிடம் பொறுப்பாவார் என்கிறது 30-ஆம் பிரிவு. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு மாணவருக்கு, அப்பாவின் பத்திரத்தில் தம் பெயர் இருப்பதால் ஓர் ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் பலர் பதிவு செய்வதில்லை. நோட்டரி கையெழுத்து இருக்கிறதே, பான் கார்டு வந்துவிட்டதே, அதுவே பதிவுதான் என்று நம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பதிவு என்பது மாவட்டப் பதிவாளரிடம், நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறுவது. அங்கே ஏறாத நிறுவனம், ஒப்பந்தத்தின் அடிப்படையில் வெளியார் மீது வழக்குத் தொடுக்க முடியாது. கூட்டாளியும் தம் ஒப்பந்த உரிமைக்காக நிறுவனத்தின் மீதோ சக கூட்டாளியின் மீதோ வழக்குத் தொடுக்க முடியாது. இவை 69-ஆம் பிரிவின் விளைவுகள். கலைப்பு, கலைந்த நிறுவனத்தின் கணக்கு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. டெல்லியிலோ கொல்கத்தாவிலோ உள்ள மொத்த வியாபாரி சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை நிறுத்தினால், அவர் வக்கீல் முதலில் கேட்பது பதிவுச் சான்றைத்தான். நம் சரக்கின் தரம், ரசீது, லாரி ரசீது எல்லாம் சரியாக இருந்தும் வழக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

பதிவு செய்தவர்களும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். மகன் வந்தான், தம்பி விலகினான் என்று பத்திரத்தைத் திருத்தி ஆடிட்டர் கோப்பில் வைத்துவிட்டு, பதிவாளருக்குத் தெரிவிக்காமல் இருக்கிறார்கள். வழக்குத் தொடுக்கும் நாளில், வழக்காடும் கூட்டாளிகளின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்டபின் ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. புதிதாகத் தொடுக்கலாம் என்றால், விற்ற சரக்குக்கான மூன்றாண்டுக் காலவரம்பு அதற்குள் கடந்திருக்கும். விலகுகிறவர்களுக்கும் இதில் அபாயம் உண்டு. பொது அறிவிப்புக் கொடுக்காமல் விலகியவர், தாம் வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் கூட்டாளி என்று நம்பிக் கடன் கொடுத்தவரிடம் அவருடைய பொறுப்பு தொடர்கிறது.

சாயத்தொழில் சங்கத்தாருக்குத் தனியே சில வரிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்ட நாள்கள் உங்களுக்கு மறந்திராது. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகளுக்கு நேர்ந்த பாதிப்பு உண்மையானது. அந்தத் தீர்ப்பின் நியாயத்தைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நான் பார்த்தது, தொழில் திடீரென நின்றபோது கூட்டாளிகளுக்குள் நடந்தவற்றை. லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதிய பத்திரங்கள், வருமானமே இல்லாத மாதங்களில் வங்கித் தவணைக்கு யார் பணம் கொண்டுவர வேண்டும் என்று எழுதவில்லை. சொத்து இருந்தவர் கட்டினார், இல்லாதவர் ஒதுங்கினார், பிறகு பட்டறை திறந்தபோது, கட்டியவர் தமக்கு அதிகப் பங்கு கேட்டார். அந்தச் சண்டைகளில் சில இன்னும் முடியவில்லை.

சாயப்பட்டறைக்காரர் மற்றோர் ஆவணத்துக்கும் கட்டுப்பட்டவர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் கம்பெனிகளாகப் பதிவானவை. உறுப்பினர் பட்டறைகளே அவற்றின் பங்குதாரர்கள். அங்கே ஆளுகை செய்வது பார்ட்னர்ஷிப் பத்திரம் அன்று. கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோரண்டமும், உள் நிர்வாகத்தைச் சொல்லும் ஆர்டிகிள்ஸும்தான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அவற்றில் ஒவ்வோர் உறுப்பினரும் கையெழுத்திட்டதாகவே கொண்டு அனைவரையும் கட்டுப்படுத்துகிறது. பட்டறையை விற்றால் பங்கு யாருக்குப் போகும், நீர் அளவு ஒதுக்கீட்டை மாற்றினால் யார் ஒப்புதல் வேண்டும், இயக்குநர்களை எப்படி மாற்றுவது என்பவற்றுக்கான விடையை முதலில் ஆர்டிகிள்ஸில்தான் தேட வேண்டும். உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேரிடம் அதன் பிரதி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதில் ஒரு கூட்டாளி நிறுவனத்தின் முகவரே தவிர மற்றக் கூட்டாளிகளின் முகவர் அல்லர். இது பழைய கூட்டாண்மையைவிடப் பெரிய பாதுகாப்பு. ஆனால் பதிவான 30 நாளுக்குள் ஒப்பந்தத் தகவலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற அவசரத்தில், அதுவும் நகலெடுத்த தாளாகவே முடிகிறது. ஒப்பந்தம் பேசாத இடங்களில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை புகுந்து, முதலும் லாபமும் நட்டமும் சமம், ஆளுக்கு ஒரு வாக்கு என்று தீர்த்துவிடும். வங்கி கூட்டாளிகளிடம் தனிப்பட்ட ஜாமீன் வாங்கிவிட்டால், அந்தக் கடன் வரையில் வரையறுத்த பொறுப்பு என்பதும் பெயரளவில்தான்.

உங்களிடம் நான் கேட்பது, சங்கங்கள் ஒன்றாகக் கூடி, இரண்டு வக்கீல்களையும் இரண்டு ஆடிட்டர்களையும் அமர்த்தி, தமிழில் ஒரு மாதிரிப் பத்திரத்தை எழுதச் செய்ய வேண்டும் என்பதுதான். அது நிரப்பிக் கையெழுத்திடும் படிவமாக இருந்தால் பயனில்லை. கேள்விகளும், அவற்றுக்குக் கூட்டாளிகளே பேசி எழுத வேண்டிய விடைகளுக்கான இடமுமாக இருக்க வேண்டும். ஒருவர் இறந்தால் பங்கின் மதிப்பை யார், எந்த விலையில், எத்தனை மாதத்துக்குள் கணக்கிடுவது? நிலம் ஏட்டு விலையா, சந்தை விலையா? தொகையை எத்தனை தவணையில் கொடுப்பது, அதுவரை அந்தக் குடும்பத்துக்கு மாதம் என்ன கொடுப்பது? எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க அனைவரும் கையெழுத்திட வேண்டும்? விலகியவர் அதே பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) அதே சரக்கைக் கொடுக்கலாமா? ஒப்பந்தம் தடுக்காவிட்டால் அவர் போட்டித் தொழில் நடத்தலாம், ஆனால் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தவோ பழைய வாடிக்கையாளரை நாடிச் செல்லவோ கூடாது என்பதே கூட்டாண்மைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தரும் அளவு. அதற்கு மேல் வேண்டுமானால் எழுதித்தான் ஆகவேண்டும். தகராறு வந்தால் யாரிடம் போவது? மத்தியஸ்தம் (ஆர்பிட்ரேஷன்) என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நிறுவனத்தின் தகராறை ஒரு கூட்டாளி மட்டும் தாமாக மத்தியஸ்தத்துக்கு அனுப்பும் அதிகாரம் சட்டத்தில் இயல்பாகக் கிடையாது.

இதோடு, கையெழுத்துக்கு முன் அந்தப் பத்திரத்தைச் சங்க அலுவலகத்தில் எல்லாக் கூட்டாளிகளும், குறிப்பாக வீட்டுப் பெண்களும், உட்கார்ந்திருக்க ஒருவர் உரக்க வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கும்போது, நிறுவனத்தின் பதிவேட்டு விவரம் இன்றைய கூட்டாளிகளோடு பொருந்துகிறதா என்று ஒரு வரி கேளுங்கள்.

செலவு, நேரம் என்று தயக்கம் வரலாம். முதல் வரைவுக்கான வேலையை நான் ஊதியமின்றிச் செய்துதருகிறேன். என்னிடம் உள்ள பழைய பத்திரங்களில், உரியவர்களின் சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் நீக்கி, எந்தெந்த வாசகம் எங்கே சிக்கலானது என்று குறித்து வைத்திருக்கிறேன். அந்த நிட்டிங் நிறுவனத்தின் பத்திரம் அவற்றில் முதலாவது; அந்த அம்மாவே அதைக் கொடுத்து, மற்றவர்களுக்குக் காட்டச் சொன்னார். உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினால், அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரில் கணக்கு எழுதும் ஒருவர்